ஜப்பானியப் படம் கொரியாவுக்குள் எந்த வாசல் வழியாக வந்தது? இந்த வரலாற்றைப் படிக்க ஒரு கையேடு

கொரியாவில் ஜப்பானியத் திரைப்படங்களின் வரலாற்றைப் படிக்கத் தொடங்குவோர் முதலில் எதிர்கொள்வது ஒரு வரிச் சுருக்கம்: 1945 வரை ஆதிக்கம், 1998 வரை தடை, அதன்பின் திறப்பு. இதில் பிழை ஏதும் இல்லை. ஆனால் இதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு போனால், 1999-இல்தான் சட்டப்படி திரையரங்குக்கு வந்த ஒரு ஜப்பானியக் காதல் படத்தைக் கல்லூரி மாணவர்கள் பலர் அதற்கு முன்பே பார்த்திருந்தது எப்படி என்பது விளங்காது. 1964-இல் சோல் நகரைக் கலக்கிய ஒரு கொரியப் படத்தின் கதை ஏன் முந்தைய ஆண்டின் ஜப்பானியப் படத்தை அப்படியே ஒத்திருந்தது என்பதும் விளங்காது. ஆகவே ஒரு படத்தை எடுத்துக்கொண்டவுடன் "எப்போது வந்தது?" என்று கேட்பதற்கு முன்னால் "எந்த வாசல் வழியாக வந்தது?" என்று கேட்கப் பழகுங்கள். அரசின் அனுமதி ஒரு வாசல். திரைப்பட விழா, கள்ள ஒளிநாடா, பெயர் மாற்றி ஒளிபரப்பிய தொலைக்காட்சித் தொடர், சொல்லாமல் எடுத்துக்கொண்ட திரைக்கதை ஆகியவை மற்ற வாசல்கள். தடை என்று சொல்லப்படும் காலத்தில் பூட்டிக் கிடந்தது முன்வாசல் மட்டுமே.

கொரியா என்று இங்கே சொல்வது, 1945-க்குப் பிந்தைய காலத்தைப் பொறுத்தவரை, தென்கொரியாவையே. வடக்கின் கதை தனி. இயக்குநர் ஷின் சாங்-ஓக் அங்கே 1985-இல் உருவாக்கிய 'புல்கசாரி' என்ற அரக்கன் படத்துக்கு ஜப்பானின் டோஹோ நிறுவனத்தின் சிறப்புக் காட்சிக் கலைஞர்கள் போய் வேலை செய்தார்கள் என்பதை மட்டும் குறித்துக்கொண்டு மேலே செல்லலாம்.

காலனிக் காலத்தை ஓடையின் இரு கரைகளாகப் படியுங்கள்

1910-இல் கொரியாவை ஜப்பான் தன்னோடு இணைத்துக்கொண்டது. அதற்குப் பிந்தைய திரையரங்குகளைப் புரிந்துகொள்ள அன்றைய கியோங்சோங், அதாவது இன்றைய சோல் நகரின் வரைபடம் ஒன்றை விரித்து வைத்துக்கொள்ளுங்கள். நகரின் நடுவே ஓடும் சொங்கேசொன் ஓடைக்கு வடக்கே கொரியர்கள் வாழ்ந்த புக்சோன். தெற்கே ஜப்பானியக் குடியேறிகளின் நாம்சோன். தான்சோங்சா போன்ற வடகரை அரங்குகளுக்குக் கொரியர்கள் சென்றார்கள். தென்கரை அரங்குகள் ஜப்பானியர்களுக்காக ஜப்பானியப் படங்களைத் திரையிட்டன. மௌனப் படக் காலத்தில் திரையின் அருகே நின்று கதை சொன்னவரை ஜப்பானில் பென்ஷி என்றும் கொரியாவில் ப்யோன்சா என்றும் அழைத்தார்கள். எனவே எந்த அரங்குக்குப் போவது என்பது எந்த மொழியில் கதை கேட்பது என்பதாகவும் இருந்தது. வடகரையின் விருப்பம் பெரும்பாலும் அமெரிக்கப் படங்கள்தான். ஆளும் நாட்டின் படம் என்பதால் ஜப்பானியப் படத்துக்குத் தானாகக் கூட்டம் சேர்ந்துவிடவில்லை. ஆதிக்கம் என்ற சொல்லை நம்பித் தொடங்குவோர் தவறவிடுவது இதைத்தான்.

அந்த விருப்பத்தை மாற்ற ஆட்சி என்ன செய்தது என்பதை விதிகளின் வரிசையில் பாருங்கள். 1926-இல் தணிக்கை விதிகள் வந்தன. 1934-இல் வந்த கட்டுப்பாட்டு விதிகள், அரங்குகள் திரையிடும் படங்களில் ஒரு பங்கு 'உள்நாட்டுப் படமாக' இருக்க வேண்டும் என்று வற்புறுத்தி, அந்தப் பங்கைப் படிப்படியாக உயர்த்தின. உள்நாட்டுப் படம் என்ற சொல்லுக்குள் கொரியப் படமும் ஜப்பானியப் படமும் ஒன்றாக அடங்கின என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. கொரியத் தயாரிப்பு குறைவாக இருந்ததால் அந்த இடத்தை நிரப்பியது பெரும்பாலும் ஜப்பானியப் படமே. 1940-இல் ஜோசன் (கொரியாவின் அன்றைய பெயர்) திரைப்பட ஆணை வந்தது. 1942-இல் தயாரிப்பு நிறுவனங்கள் எல்லாம் ஒரே நிறுவனமாக இணைக்கப்பட்டன.

இந்தக் கடைசி ஆண்டுகளின் படங்களைத் தொடும்போது ஒரு வகைப்பாட்டுச் சிக்கல் எழும். கொரிய இயக்குநர், கொரிய நடிகர்கள், ஜப்பானிய மொழி வசனம், ஜப்பானியப் போருக்கு ஆள் திரட்டும் நோக்கம் எனச் சேர்ந்திருக்கும் படம் எந்த நாட்டுப் படம்? 1941-இன் 'நீயும் நானும்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கொரியத் தொண்டர் படையினரைப் பற்றிய அந்தப் படத்தை இயக்கிய ஹினாட்சு எய்தாரோ, ஜப்பானியராகவே வாழ்ந்துவந்த ஹோ யோங் என்ற கொரியர். பின்னர் இந்தோனேசியாவுக்குச் சென்று, அங்கே ஹுயுங் என்ற மூன்றாவது பெயரோடு படம் எடுத்து, 1952-இல் ஜகார்த்தாவிலேயே இறந்துபோனார். இத்தகைய படங்களை ஒரு நாட்டின் பெட்டிக்குள் அடைக்காமல், இயக்கியவர், பணம் போட்டவர், வசன மொழி, எண்ணிய பார்வையாளர் என்ற நான்கையும் தனித்தனியாக எழுதி வைப்பதே நேர்மையான முறை.

எஞ்சியிருக்கும் படங்களின் எண்ணிக்கையையும் மறந்துவிடக் கூடாது. நா உன்-க்யூவின் 'அரிராங்' (1926) இன்று கிடைப்பதில்லை. 1936-இன் 'மிமோங்', 1941-இன் 'வீடற்ற தேவதைகள்' போன்றவை 2000-க்குப் பிறகுதான் சீனாவின் ஆவணக் காப்பகத்திலிருந்து மீட்கப்பட்டன. ஆகவே அதற்கு முன் எழுதப்பட்ட காலனிக் கால வரலாற்று நூல்கள், படத்தைப் பார்க்காமல் செய்தித்தாள்களையும் நினைவுகளையும் கொண்டு எழுதப்பட்டவை. நூலின் பதிப்பாண்டைப் பார்த்துவிட்டுப் படியுங்கள்.

தடைக் காலத்தில் பக்கவாசல்களைத் தேடுங்கள்

கொரியா ஜப்பானிய ஆட்சியிலிருந்து விடுபட்ட 1945 ஆகஸ்ட் 15-க்குப் பிறகு ஜப்பானியப் படங்கள் திரையரங்குகளிலிருந்து மறைந்தன. 1965-இல் இரு நாடுகளும் தூதரக உறவை ஏற்படுத்திக்கொண்ட பின்னரும் அவை திரும்பவில்லை. இதற்குச் சான்றாக 'ஜப்பானியப் படத் தடைச் சட்டம்' என்ற ஒன்றைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். வெளிநாட்டுப் படத்தை இறக்குமதி செய்ய அன்று அரசின் பரிந்துரை வேண்டியிருந்தது. ஜப்பானியப் படத்துக்கு அது தரப்படவில்லை. தடை என்பது கொடுக்கப்படாத கையெழுத்தில் இருந்தது. அதோடு சேர்த்து அறிந்துகொள்ள வேண்டிய சொல் 'வேசெக்': ஜப்பானியச் சாயல் என்று பொருள்படும் இகழ்ச்சிச் சொல். பாடலோ படமோ இந்தச் சாயல் கொண்டிருக்கிறது என்ற குற்றச்சாட்டே அதை முடக்கப் போதுமானதாக இருந்தது. பழைய கொரியச் செய்தித்தாள்களில் தேடும்போது 'ஜப்பானியப் படம்' என்று மட்டும் தேடாமல் இந்தச் சொல்லையும் போட்டுத் தேடினால் கிடைப்பவை பன்மடங்காகும்.

முதல் பக்கவாசல் திரைக்கதை. 1960-களின் கொரியத் திரையுலகினர் பலர் காலனிப் பள்ளிகளில் ஜப்பானிய மொழி கற்றவர்கள். ஜப்பானியத் திரைக்கதை இதழ்கள் அவர்கள் கைக்கு எட்டின. பார்வையாளர் மூலப் படத்தைப் பார்க்க முடியாது என்பதால் எடுத்தாள்வோருக்கு அச்சமும் இல்லை. 1964-இல் கிம் கி-டக் இயக்கி, ஷின் சோங்-இல், ஓம் ஏங்-ரான் நடித்த 'வெறுங்கால் இளமை', நகாஹிரா கோ 1963-இல் எடுத்த ஜப்பானியப் படத்தைப் பின்பற்றியது. சில்லறை ரவுடி ஒருவனுக்கும் தூதர் வீட்டுப் பெண்ணுக்கும் இடையிலான காதல், கூடவே முடிவு என எல்லாமே அங்கிருந்து வந்தவை. கொரியாவில் அது ஒரு தலைமுறையின் படம் ஆயிற்று. நாயகனும் நாயகியும் அதே ஆண்டில் திருமணமும் செய்துகொண்டார்கள். இவ்விரு படங்களையும் ஒரே நாளில் அடுத்தடுத்துப் பார்ப்பது இந்தக் கையேட்டில் நான் தரும் பயிற்சிகளுள் மிகப் பயனுள்ளது என்பேன். களவு என்று தீர்ப்பெழுதுவதற்காக அன்று. காட்சி காட்சியாக ஒப்பிடும்போது, கொரியப் பதிப்பு எங்கே விலகுகிறது, வறுமையை எங்கே அழுத்திக் காட்டுகிறது என்பது தெரியவரும். வரவேற்பு வரலாறு என்பது அந்த விலகல்களில்தான் இருக்கிறது.

இரண்டாவது பக்கவாசல் தொலைக்காட்சி. 1970-களிலும் 80-களிலும் கொரியக் குழந்தைகள் பார்த்து வளர்ந்த மாஜிங்கர், கேண்டி, கேலக்ஸி எக்ஸ்பிரஸ் 999 போன்ற ஓவியத் தொடர்கள் (அனிமேஷன்) ஜப்பானில் செய்யப்பட்டவை. பாத்திரங்களின் பெயர்கள் மாற்றப்பட்டு, கொரிய மொழியில் குரல் கொடுக்கப்பட்டு ஒளிபரப்பானதால், அவை எந்த நாட்டவை என்பதே பலருக்குத் தெரியாமல் இருந்தது. 1990-களின் சித்திரக்கதைப் பதிப்புகளும் இதே வழியில் சென்றன. 'ஸ்லாம் டங்க்' கொரியாவுக்கு வந்தபோது சகுராகி என்ற நாயகன் காங் பேக்-ஹோ ஆனான்; ஷோஹோகு பள்ளி புக்சான் ஆயிற்று. இந்தப் பெயர்களை ஓரமாகக் குறித்து வையுங்கள். முப்பது ஆண்டு கழித்து இவை மறுபடியும் வேலைக்கு வரும்.

மூன்றாவது வாசல் ஒளிநாடா. 1990-களில் பல்கலைக்கழக வளாகங்களிலும், 'முன்ஹ்வா ஹாக்யோ சோல்' போன்ற தனியார் திரைக்கழகங்களிலும், பிரதிக்குப் பிரதி எடுத்து மங்கிப்போன நாடாக்களில் ஜப்பானியப் படங்கள் ஓடின. இந்த வாசலுக்குக் கணக்குப் புத்தகம் கிடையாது. இயக்குநர்களின் பேட்டிகள், 1995-இல் தொடங்கிய 'கீனோ', 'சினே 21' ஆகிய இதழ்களின் பழைய பக்கங்கள் போன்றவற்றில் சிதறிக் கிடக்கும் குறிப்புகளைக் கோத்துத்தான் இதை அறிய முடியும். நான்காவது வாசல் 1996 செப்டம்பரில் பூசான் சர்வதேசத் திரைப்பட விழாவோடு திறந்தது. விழாவுக்கு விதிவிலக்கு இருந்ததால், இறக்குமதி செய்ய முடியாத படத்தை அங்கே பொதுமக்கள் நுழைவுச்சீட்டு வாங்கிப் பார்க்க முடிந்தது.

நான்கு கட்டத் திறப்பை விதியோடு சேர்த்துப் படியுங்கள்

1998 அக்டோபர் 8 அன்று அதிபர் கிம் டே-ஜுங்கும் ஜப்பானியப் பிரதமர் ஓபுச்சி கெய்சோவும் கூட்டறிக்கை வெளியிட்டார்கள். அதே மாதம் 20-ஆம் நாள் முதல் கட்டத் திறப்பு அறிவிக்கப்பட்டது. கான், வெனிஸ், பெர்லின் விழாக்களிலும் ஆஸ்காரிலும் பரிசு பெற்ற படங்களும், இரு நாட்டுக் கூட்டுத் தயாரிப்புகளுமே அதில் அனுமதி பெற்றன. 1999 செப்டம்பர் 10-இல் இரண்டாம் கட்டம் வந்தது; அங்கீகரிக்கப்பட்ட சர்வதேச விழாக்களின் பட்டியல் விரிந்தது, எல்லா வயதினரும் பார்க்கத்தக்க படங்களும் சேர்ந்தன. 2000 ஜூன் 27-இல் மூன்றாம் கட்டம்: வயது வந்தோருக்கு மட்டுமான படங்கள் தவிர மற்றவை வரலாம், ஓவியப் படம் என்றால் விழாப் பரிசு பெற்றிருக்க வேண்டும். 2001 ஜூலையில் ஜப்பானிய வரலாற்றுப் பாடநூல் தகராறு வெடிக்க, மேற்கொண்டு திறப்பதைக் கொரிய அரசு நிறுத்திவைத்தது. 2004 ஜனவரி 1-இல் நான்காம் கட்டமாகத் திரைப்படங்களுக்கு முழு அனுமதி கிடைத்தது. திரையரங்கு ஓவியப் படங்கள் மட்டும் 2006 வரை காத்திருந்தன. கொரியாவின் சொந்த ஓவியப் படத் தொழில் நசுங்கிவிடும் என்ற அச்சமே அதற்குக் காரணம்.

இந்தத் தேதிகளை மனப்பாடம் செய்வதில் பயன் குறைவு. ஒவ்வொரு விதியும் எத்தகைய ஜப்பானியத் திரையுலகைக் கொரியர்களுக்குக் காட்டியது என்று யோசியுங்கள். பரிசு பெற்றவை மட்டும் என்ற முதல் விதியின்படி 1998 டிசம்பரில் கிடானோ டகேஷியின் 'ஹனா-பி' முதலில் வந்தது. அதை அடுத்து குரோசாவாவின் 'ககேமுஷா', ஜப்பானில் வெளியாகிப் பதினெட்டு ஆண்டுகள் கழித்து. இரண்டும் எதிர்பார்த்த கூட்டத்தைச் சேர்க்கவில்லை. ஜப்பானியப் படங்கள் வந்தால் கொரியத் திரையுலகம் மூழ்கிவிடும் என்று அஞ்சியவர்கள் நிம்மதி அடைந்தார்கள். ஆனால் அந்த நிம்மதிக்கு ஆதாரம் ஏதும் இல்லை என்பது என் கருத்து. இளைஞர்கள் நாடாவில் தேடித் தேடிப் பார்த்தவை வேறு வகைப் படங்கள். சட்டம் உள்ளே விட்டவை வேறு.

விதியின் இன்னொரு பக்கவிளைவு 'ரிங்' என்ற ஜப்பானியத் திகில் படம். மூலப் படம் கொரியாவுக்குள் வர முடியாமல் இருந்தபோது, அதே கதையை உரிமையோடு எடுத்த 'ரிங் வைரஸ்' என்ற கொரியப் படம் 1999 கோடையில் வெளியாயிற்று. அதற்குப் பிறகுதான் ஜப்பானிய மூலம் வந்தது. நகலை முதலிலும் மூலத்தைப் பின்னரும் பார்த்த பார்வையாளர் இரண்டையும் எப்படி மதிப்பிட்டார் என்பது தனிக் கட்டுரைக்குரிய பொருள்.

1999 நவம்பரில் இவாய் ஷுன்ஜியின் 'லவ் லெட்டர்' வந்தது. பனிமலையை நோக்கி நாயகி கூவும் "ஓகெங்கி தெஸ்கா", அதாவது "நலமா?" என்ற கேள்வி, ஜப்பானிய மொழி தெரியாதவர் வாயிலும் புழங்கும் தொடர் ஆயிற்று. படம் எடுக்கப்பட்ட ஒதாரு நகருக்குக் கொரியப் பயணிகள் போகத் தொடங்கினார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரையரங்கில் பார்த்தார்கள். நாடாவில் ஏற்கெனவே பரவியிருந்தது வசூலைக் கெடுக்காமல் வளர்த்தது என்றே இதை வாசிக்க வேண்டும். ஓவியப் பட இயக்குநர் மியாசாகியின் 'டோட்டோரோ' 1988-இல் ஜப்பானில் வெளியாகி 2001-இல்தான் கொரியத் திரையரங்குக்கு வந்தது; 'ஸ்பிரிட்டட் அவே'யோ 2002-இல் பெர்லினில் தங்கக் கரடி பெற்ற சில மாதங்களிலேயே கொரியாவில் வெளியாயிற்று. ஆகவே நீங்கள் தயாரிக்கும் எந்தப் பட்டியலிலும் ஜப்பானிய வெளியீட்டாண்டு, கொரிய வெளியீட்டாண்டு என இரண்டு பத்திகள் கட்டாயம் இருக்கட்டும். அவற்றுக்கு இடைப்பட்ட ஆண்டுகள் எத்தனை என்பதே அந்தப் படம் வந்த வாசலைச் சொல்லிவிடும்.

பார்வையாளர் எண்ணிக்கையைக் கையாளும் முறை

கொரியத் திரைப்பட மன்றத்தின் ஒருங்கிணைந்த நுழைவுச்சீட்டுக் கணினி வலையமைப்பு 2000-களின் முற்பாதியில்தான் நாடு முழுவதும் பரவத் தொடங்கியது. அதற்கு முந்தைய எண்கள் பெரும்பாலும் சோல் நகருக்கு மட்டுமானவை, அல்லது விநியோகஸ்தர் சொன்னவை. 'லவ் லெட்டர்' பற்றி இரு இடங்களில் இரு வேறு எண்களைக் கண்டால் குழம்ப வேண்டாம். எந்தப் பரப்புக்கான எண் என்று பாருங்கள். 1999-இன் எண்ணையும் 2023-இன் எண்ணையும் ஒரே அட்டவணையில் அடுத்தடுத்து வைப்பதைத் தவிர்ப்பது நல்லது.

அரசியல் சூழல் வரவேற்பைப் பாதித்ததா என்று அறிய விரும்பினால், ஒரே இயக்குநரின் படங்களை ஒப்பிடுங்கள். ஓவியப் பட இயக்குநர் ஷின்காய் மகோதோ இதற்கு மிகவும் ஏற்றவர். 'யுவர் நேம்' 2017 ஜனவரியில் வந்து 35 லட்சம் பேருக்கு மேல் ஈர்த்தது. 2018 அக்டோபரில் காலனிக் காலக் கட்டாய உழைப்பு வழக்கில் கொரிய உச்ச நீதிமன்றம் ஜப்பானிய நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2019 ஜூலையில் குறைக்கடத்தித் தொழிலுக்கு வேண்டிய மூன்று பொருள்களின் ஏற்றுமதியை ஜப்பான் இறுக்கியது. கொரியாவில் ஜப்பானியப் பொருள் புறக்கணிப்பு பரவியது. அந்த இலையுதிர் காலத்தில் வரவேண்டிய 'வெதரிங் வித் யூ' தள்ளிவைக்கப்பட்டு அக்டோபர் இறுதியில் வெளியாகி, பத்து லட்சத்தை எட்டாமலே நின்றது. 2023 மார்ச்சில் வந்த 'சுசுமே' 50 லட்சத்தைத் தாண்டியது. இயக்குநர் ஒருவர், பாணி ஒன்று, மாறியது பெரும்பாலும் சூழலே. எனினும் படத்தின் தரத்தையும் போட்டிப் படங்களையும் கணக்கில் எடுக்காமல் முழுப் பழியையும் புறக்கணிப்பின் மேல் போட்டுவிடக் கூடாது.

அதே 2023-இன் தொடக்கத்தில் வந்த 'தி ஃபர்ஸ்ட் ஸ்லாம் டங்க்' 45 லட்சத்துக்கும் மேற்பட்டோரைத் திரையரங்குக்கு அழைத்தது. கொரியக் குரல் பதிப்பில் மட்டுமல்லாமல் வசன வரிகளிலும் பாத்திரங்கள் காங் பேக்-ஹோ, சோங் தே-சோப் என்ற 1990-களின் கொரியப் பெயர்களிலேயே வந்தார்கள். சிறுவயதில் சித்திரக்கதை படித்து, இப்போது நாற்பதைத் தொட்டிருந்தவர்கள் அரங்குகளில் உட்கார்ந்திருந்தார்கள். ஜப்பானியச் சாயலை மறைக்க அன்று வைத்த பெயரே இன்று ஜப்பானியப் படத்தைக் கொரியர்களுக்குச் சொந்தமாக்கியது. இந்த வரலாற்றில் இதைவிட அழகான முரண் எனக்குத் தெரியவில்லை.

எண்ணிக்கை பேசாத இடங்களும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் பயன்படுத்திய சீரோ போர் விமானத்தை வடிவமைத்த ஹோரிகோஷி ஜிரோவைப் பற்றிய 'தி விண்ட் ரைசஸ்' 2013-இல் வந்தபோது, மியாசாகியை நேசித்தவர்களே அதன் நாயகனை ஏற்கத் தயங்கினார்கள். 'டீமன் ஸ்லேயர்' என்ற ஓவியத் தொடரின் நாயகனுடைய காதணி ஓவியம், ஜப்பானின் பழைய போர்க்கொடியான உதயசூரியக் கொடியை நினைவூட்டுவதாக எதிர்ப்பு எழுந்து, கொரியப் பார்வையாளருக்கு அது மாற்றித் தரப்பட்டது. அதே தொடரின் படம் 2025-இல் 50 லட்சத்தைக் கடந்தது. எதிர்ப்பும் கூட்டமும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். ஒன்றைக் கொண்டு மற்றொன்றைப் பொய்யாக்க முயல வேண்டாம்.

எங்கே தேடுவது, எதிலிருந்து தொடங்குவது

1920 முதல் 1999 வரையிலான கொரிய நாளிதழ்களின் பக்கங்கள் நேவர் செய்தி நூலகத்தில் படமாகவே கிடைக்கின்றன. தணிக்கை, வேசெக், திறப்பு விவாதம் மூன்றுக்கும் அதுவே முதல் சுரங்கம். படங்களின் அடிப்படை விவரங்களுக்குக் கொரியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தின் தரவுத்தளமும், வசூல் எண்ணிக்கைக்குத் திரைப்பட மன்றத்தின் வலைத்தளமும் போதும். காப்பகம் பழைய கொரியப் படங்கள் பலவற்றை யூடியூபில் இலவசமாகவே காட்டுகிறது. தேடும்போது கொரிய எழுத்தில் தேடுங்கள். ஜப்பானியப் படங்களுக்குக் கொரியாவில் வைக்கப்பட்ட தலைப்பு, மூலத் தலைப்பின் சொல்லுக்குச் சொல் ஈடாக இருப்பதில்லை.

பார்க்கும் வரிசையைக் கால வரிசையாக அமைக்க வேண்டியதில்லை. 'வெறுங்கால் இளமை'யையும் அதன் ஜப்பானிய மூலத்தையும் முதலில் பாருங்கள். அடுத்து 'ஹனா-பி', உடனே 'லவ் லெட்டர்'. அதன்பின் 'வீடற்ற தேவதைகள்' படத்துக்குத் திரும்புங்கள். முடிவில் ஸ்லாம் டங்க் படத்தைக் கொரிய வசன வரிகளோடு பார்க்க முடிந்தால் நல்லது. 'லவ் லெட்டர்' நாயகி நகயாமா மிஹோ 2024 டிசம்பரில் மறைந்த பிறகு, 2025-இன் தொடக்கத்தில் அப்படம் மீண்டும் கொரியத் திரைகளுக்கு வந்தது. உங்கள் பட்டியலில் மறுவெளியீடுகளுக்கென மூன்றாவது பத்தி ஒன்றையும் ஒதுக்கி வையுங்கள். அந்தப் பார்வையாளர் எண்ணிக்கையை 1999-இன் எண்ணிக்கையோடு கூட்டாமல் தனியாகவே எழுதுங்கள்.